கௌட்ரெயினா, வேன் டாக்சியா?

ஜோஹன்னஸ்பர்க்கிற்கு வேலைக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகள் முதல் வாரமே கேட்கும் கேள்வி இது.

கௌட்ரெயின் என்ற விரைவு ரயில் 2010 ஜூனில், கால்பந்து உலகக் கோப்பை தொடங்க மூன்று நாள் இருக்கும்போது ஓட ஆரம்பித்தது. சுமார் 80 கிலோமீட்டர், 10 நிலையங்கள். பார்க், ரோஸ்பேங்க், சாண்ட்டன் மூன்றும் பூமிக்கடியில். விமான நிலையத்திலிருந்து சாண்ட்டனுக்குக் கால் மணி நேரம்தான். சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். சூயிங்கம் மெல்லக்கூடத் தடை. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிடாதீர்கள்.

இங்கே டாக்சி என்றால் மீட்டர் வண்டி இல்லை. பதினைந்து பேர் நெருக்கி உட்காரும் வேன். நேர அட்டவணை கிடையாது, ஆள் நிரம்பினால் கிளம்பும். சாலையோரம் நின்று கையால் சொல்ல வேண்டும்: ஆள்காட்டி விரலை மேலே நீட்டினால் நகரத்துக்கு. காசு பின்வரிசையிலிருந்து கைமாறி முன்னே போகும். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் சில்லறைக் கணக்குப் பார்ப்பார். கணக்கு வராது என்றால் அந்த இடத்தில் உட்காராதீர்கள்!

விமான நிலையம், பிரிட்டோரியா என்றால் யோசிக்காமல் ரயில். ஆனால் நிறவெறி ஆட்சி இந்தியர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த லெனேசியாவுக்கு அந்தத் தடம் போகவே இல்லை. அத்தை வீட்டுக்குப் போக நான் இன்றும் வேன்தான். இறங்க மணி கிடையாது. “ஆஃப்டர் ரோபோட்” என்று குரல் கொடுத்தால் சிக்னல் தாண்டி நிறுத்துவார்கள்.