கும்பகோணத்து மேடைக்கு எந்த வா பெடல்: கியரா, ஒளியா?

கிட்டாரின் ஓசையைக் காலால் மிதித்து மாற்றும் கருவிதான் வா பெடல். ஐந்து வருடமாக டன்லப் கம்பெனியின் க்ரை பேபி ஜிசிபி95 என்ற வா பெடல் என் காலடியில் இருக்கிறது. போன மழைக்காலத்தில் அதைக் கொடுத்துவிட்டு மோர்லி கம்பெனியின் வா பெடல் வாங்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. நாகப்பட்டினத்து நண்பர் ஒருவரிடம் மோர்லியை இரவல் வாங்கி, இரண்டு மாதம் கச்சேரிகளில் மிதித்தும் பார்த்தேன். கடைசியில் பழையதையே வைத்துக்கொண்டேன். இதே குழப்பத்தில் இருக்கும் கிட்டாரிஸ்ட்டுகளுக்காக அதன் காரணத்தை எழுதுகிறேன்.

சத்தத்தில் இரண்டுமே நல்ல வா. உதட்டைக் குவித்து ‘ஊ’ என்று தொடங்கி மெல்ல ‘ஆ’ என்று வாயைத் திறந்தால் குரல் எப்படி மாறுமோ, அதைத்தான் இரண்டும் கிட்டாருக்குச் செய்கின்றன. க்ரை பேபி கொஞ்சம் தொண்டையிலிருந்து பாடும், மோர்லி வழவழவென்று ஏறி இறங்கும். கோயில் திருவிழாப் பந்தலில், பக்கத்தில் ஜெனரேட்டர் ஓட, அந்த வித்தியாசம் வாசிப்பவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பெரிய வித்தியாசம் மிதிக்கு அடியில் இருக்கிறது. க்ரை பேபியில் மிதியோடு ஒரு பல்சட்டம் இறங்கி ஏறும். அது 100 கிலோஓம் பாட் (ரேடியோவின் வால்யூம் குமிழ்போல், திருப்பினால் மின்தடை மாறும் பாகம்) ஒன்றின் பல்சக்கரத்தைச் சுற்றும். இதுதான் கியர். மோர்லியில் உரசுவதற்கு எதுவும் இல்லை. ஒரு பக்கம் விளக்கு, எதிரே வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் உணரி. மிதி அசைந்தால் உணரியில் விழும் வெளிச்சம் கூடும், குறையும்.

வா பிறந்ததே அந்தப் பாட் மூலம்தான். 1966-ல் கலிஃபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் கம்பெனியின் பொறியாளர் பிராட் பிளங்கெட், ஆம்ப்ளிஃபையரில் இருந்த விலை கூடிய ஒரு சுவிட்சுக்குப் பதிலாக மலிவான பாட் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். அதைத் திருப்பும்போது வந்த சத்தம் பிடித்துப்போய், ஆர்கனின் வால்யூம் பெடல் கூட்டுக்குள் அதை வைத்தார்கள். மிதியை அசைத்தால் ஓசை மாறும் அந்த ஏற்பாடுதான் இன்றைக்கும் க்ரை பேபிக்குள் இருக்கிறது.

அந்தப் பாட்தான் நம் ஊரில் தலைவலியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எல்லாம் நமுத்துப்போகும். தை பிறந்தால் அறுவடை முடிந்த வயலிலேயே பந்தல் போடுவார்கள், வைக்கோல் தூசி மேடை வரைக்கும் வரும். இந்த ஈரமும் தூசியும் பாட்டின் கார்பன் தடத்தில் படிந்தால் மிதிக்கும்போதெல்லாம் ‘கரகர’ என்று கேட்கும். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு திருவிழாவில், பாடலின் நடுவே அது ஸ்பீக்கரில் மண்ணை அரைப்பதுபோல் கேட்டது. மோர்லி ஆசை வந்ததும் அன்றைக்குத்தான்.

மறுநாள் எங்கள் தெருமுனை ரேடியோ மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு, “தம்பி, இது நம்ம வால்யூம் கண்ட்ரோல்தானே, இதுக்கா கவலைப்படுறீங்க?” என்றார். காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயின் குழாயை, பாட்டின் மூன்று கால்களுக்கு மேலே இருக்கும் சிறு இடுக்கில் வைத்து ஒரே ஒரு அழுத்து. பிறகு மிதியை ஒரு முப்பது நாற்பது தடவை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். பத்து நிமிட வேலை. கரகரப்பு போய்விட்டது.

அதற்கப்புறம் நானே செய்கிறேன். நான்கு ரப்பர் கால்களின் திருகைக் கழற்றினால் அடித்தகடு வந்துவிடும். பாட்டுக்குள் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடவே கூடாது. அந்த நேரத்துக்குச் சரியானதுபோல் தெரியும், ஒரே மாதத்தில் தூசியை இழுத்துப் பசையாகிவிடும். பல்சட்டத்தின் பழைய கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு, வெள்ளை கிரீஸ் குண்டுமணி அளவு தடவினால் போதும். இரண்டு மூன்று தடவை சுத்தம் செய்தும் கரகரப்பு திரும்பினால் தடம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பாட்டையே மாற்ற வேண்டும். சாதாரண 100 கிலோஓம் பாட்டை அவசரத்துக்குப் போட்டு ஒரு கச்சேரியை ஓட்டலாம். ஆனால் ஓசை மிதியின் ஒரே முனையில் குவிந்துவிடும், ஆயுளும் குறைவு. வா பெடலுக்கென்றே செய்த பாட் வாங்குவதுதான் சரி.

அப்புறம், கச்சேரி முடிந்ததும் கிட்டார் பக்கத்து ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். அது செருகியிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். பல நாள் வாசிக்கப் போவதில்லை என்றால் பேட்டரியையே எடுத்துவிடுவது நல்லது. உள்ளேயே ஒழுகினால் முனைகளை அரித்துவிடும்.

கியரின் பக்கம் என்னைச் சாய்த்தது இந்தச் சுலபம் மட்டுமல்ல. அதே பாட் வழியாக ஓசையையும் திருத்தலாம். பாட் சுற்றக்கூடிய தூரம் முழுவதையும் மிதி பயன்படுத்துவதில்லை, நடுவில் ஒரு பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. எந்தப் பகுதி என்பதைத் தீர்மானிப்பது, பல்சக்கரத்தில் சட்டம் எந்தப் பல்லில் கடிக்கிறது என்பதுதான். என்னுடையது வாங்கியபோது முன்பாதத்தை அழுத்தினால் காதைக் குத்தும், குதிகாலுக்கு இறக்கினால் சேற்றில் கால் வைத்ததுபோல் மொத்தையாக இருக்கும். பல்சக்கரம் நின்ற இடத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறித்துக்கொண்டு, சட்டத்தைப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்தி, சக்கரத்தை ஒரே ஒரு பல் நகர்த்தி மறுபடி கடிக்க விட்டேன். வாசித்துப் பார்த்தேன். இன்னொரு பல். குதிகாலில் ‘ஊ’ தெளிவாகவும், முன்பாதத்தில் ‘ஆ’ குத்தாமலும் வந்த இடத்தில் நிறுத்தினேன். ஒரு எச்சரிக்கை: மிதி முழுதாக இறங்குவதற்கு முன்பே பாட் தன் எல்லையில் போய் முட்டினால் அந்த இடம் வேண்டாம். மேடையில் உணர்ச்சிவசப்பட்டு ஓங்கி மிதிக்கும்போது பாட்டின் தண்டு உடைந்துவிடும்.

இன்னும் ஒரு படி போக நினைத்தால், உள்ளே இருக்கும் காயிலோடு (கம்பிச்சுருள்) இணையாக 33 கிலோஓம் மின்தடை ஒன்று இருக்கும். அதை 47 அல்லது 68 ஆக மாற்றினால் வா இன்னும் கூர்மையாகப் பேசும். 47 போட்டுத்தான் நான் வாசிக்கிறேன். 68 வைத்தபோது எங்கள் பாடகரின் குரலோடு மோதியது. மின்தடை சில்லறைக் காசுதான், சால்டரிங் தெரிந்தவர் கூட இருந்தால் போதும்.

சரி, மோர்லிக்கு வருவோம். என்னிடம் இருந்த இரண்டு மாதமும் ஒருநாள்கூடக் கரகரக்கவில்லை. உரசல் இல்லாததால் அந்தத் தொல்லையே இல்லை. நான் வாசித்த மாடலில் சுவிட்சும் கிடையாது. காலை வைத்தால் வா வரும், எடுத்தால் ஸ்பிரிங் மிதியைத் தூக்கிவிடும், வா நின்றுவிடும். பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கு இது பெரிய வசதி. நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் கடல் காற்றில் வாசிப்பவர் என்னிடம் கேட்டால் மோர்லியைத்தான் சொல்வேன். அங்கே உப்பு எந்தப் பாட்டையும் சும்மா விடாது. ஆனால் இரண்டு மாதம் வைத்திருந்தவன் பேச்சு இது. ஐந்து வருடம் கழித்து அந்த விளக்கும் உணரியும் எப்படி இருக்கும் என்று அதை ஐந்து வருடம் மிதித்தவர்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒத்துவராதது அந்த ஸ்பிரிங்தான். சில பாடல்களுக்கு வாவை நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, மூக்கால் பாடுவதுபோன்ற ஓசையில் முழு இடையிசையும் வாசிப்பேன். க்ரை பேபியில் மிதியை அங்கே விட்டுவிட்டுக் காலை எடுத்துக்கொள்ளலாம். அந்த மோர்லியில் கால் எடுத்தால் ஓசை போய்விடும். நாலு நிமிடம் ஒற்றைக் காலில் தாங்கி நின்று கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஓசையைத் திருத்த நகர்த்தக்கூடிய கியரும் அதில் இல்லை.

மல்டி எஃபெக்ட்ஸில் வரும் வா பற்றியும் கேட்பார்கள். பத்து ஓசைக்கு ஒரே பெட்டி வேண்டும் என்பவருக்கு அது போதும். வாவை முக்கியமாக வைத்து வாசிப்பவருக்குப் போதாது.

நண்பரின் மோர்லியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஐப்பசிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஸ்ப்ரே பாதி டப்பா இருக்கிறது, புதுப் பாட் ஒன்றும் பிரிக்காமல் கிட்டார் பைக்குள் கிடக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அடித்தகட்டைக் கழற்றப் போகிறேன்.