இரவுப் பணியில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர்: ‘லா ஸ்டாட்சியோனே’ திரைப்பட மதிப்புரை

1990ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லா ஸ்டாட்சியோனே’ (நிலையம்) என்ற இத்தாலியப் படத்தின் கதை மிகச் சிறியது. தெற்கு இத்தாலியில், ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு ரயில் நிலையத்தில், டொமெனிக்கோ என்ற இளம் ஸ்டேஷன் மாஸ்டர் தனியாக இரவுப் பணி பார்த்துக்கொண்டிருக்கிறார். மழை பெய்யும் அந்த இரவில், அருகில் நடக்கும் பெரிய இடத்து விருந்தொன்றிலிருந்து வெளியேறிய ஃப்ளாவியா என்ற பணக்காரப் பெண், விருந்துக்கு உடுத்திய உடையோடு அங்கே வந்து, ரோமுக்குப் போகும் அடுத்த வண்டியைப் பற்றிக் கேட்கிறாள். விடியும் வேளையில்தான் வண்டி என்று தெரிந்ததும் அங்கேயே காத்திருக்க முடிவு செய்கிறாள். அவளைத் திரும்ப அழைத்துப் போக அவளுடைய காதலன் டனீலோ வருகிறான். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும் படத்தில் இந்த மூவரையும் இந்த ஒரு நிலையத்தையும் தாண்டிப் பெரிதாக எதுவும் இல்லை.

ரயில் நிலையக் காதல் படங்கள் பெரும்பாலும் நிலையத்தை ஒரு பின்னணித் திரையாக மட்டுமே பயன்படுத்துகின்றன. வண்டி வருகிறது, புகை சூழ்கிறது, இருவர் கையசைத்துப் பிரிகிறார்கள். அந்த வண்டியை யார் வரச்சொன்னார், யார் போகச்சொன்னார் என்ற கேள்வி எழுவதே இல்லை. இந்தப் படம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. ஒரு மனிதன் தன் வேலையை எவ்வளவு அக்கறையோடு செய்கிறான் என்பதை இன்னொருத்தி அருகிலிருந்து பார்க்கிறாள், பார்க்கப் பார்க்க அவன்மேல் அவளுக்கு மதிப்பு பிறக்கிறது, அந்த மதிப்பே நேசமாக மாறுகிறது என்பதுதான் இந்தப் படம் சொல்லும் காதல். அதனால்தான் இதை நம் கன்னியாகுமரி மாவட்டத்து நண்பர்கள் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

படத்தை இயக்கி, டொமெனிக்கோவாகவும் நடித்திருப்பவர் செர்ஜியோ ரூபினி. இயக்குநராக அவருக்கு இதுவே முதல் படம். தெற்கு இத்தாலியின் பூலியா பகுதியில், பாரி நகரத்துக்கு அருகிலுள்ள குருமோ அப்புலா என்ற ஊரில் 1959இல் பிறந்த அவர் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் மகன். இந்தச் செய்தியை அறியாமல் படத்தைப் பார்த்தாலும், எழுதியவருக்கும் எடுத்தவருக்கும் அந்த அறையின் மேசையும் கடிகாரமும் தொலைபேசியும் வெகுகாலப் பழக்கம் என்பது தெரிந்துவிடும். உம்பர்ட்டோ மரீனோ எழுதிய மேடை நாடகமே படத்தின் மூலம். ஒரே இடம், ஒரே இரவு, மூன்று பாத்திரங்கள் என்ற கட்டுப்பாடு அங்கிருந்து வந்தது. நாடகத்தைப் படமாக்கும்போது பலரும் அவசரமாக வெளியே ஓடிவிடுவார்கள். ரூபினி அறைக்குள்ளேயே இருக்கும் துணிவைக் காட்டியிருக்கிறார். இத்தாலியின் முக்கியத் திரைப்பட விருதான தவீத் தி டொனாத்தெல்லோ, சிறந்த புதிய இயக்குநர் என்ற பிரிவில் 1991இல் அவருக்குக் கிடைத்தது. ஃப்ளாவியாவாக நடித்த மார்கெரிதா பூய் அதே ஆண்டில் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார்.

நாகர்கோவிலில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து இதைப் பார்த்தோம். எங்களோடு ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரும் இருந்தார். படத்தின் முதல் பாதியை அவர் பார்த்த விதமே எனக்கு ஒரு பாடமாக அமைந்தது. கதாநாயகி உள்ளே நுழைந்தபோது நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவரோ டொமெனிக்கோவின் கண் எங்கே போகிறது என்று பார்த்தார். “பெண் வந்து நிற்கிறாள், ஆனாலும் அவன் முதலில் கடிகாரத்தைத்தான் பார்க்கிறான். இரவுப் பணி பார்த்தவனுக்குத்தான் இது வரும்” என்றார். ஒற்றைப் பாதைப் பகுதியில் ஒரு வண்டியை அனுப்புவதற்கு முன்னால் பக்கத்து நிலையத்தைக் கேட்டு ‘லைன் கிளியர்’, அதாவது பாதை காலியாக இருக்கிறது என்ற ஒப்புதல், வாங்க வேண்டும், இரு பக்கமும் தனி எண்ணைச் சொல்லிப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும், ஒரே பாதையில் எதிரெதிராக இரண்டு வண்டிகள் வந்துவிடக்கூடாது என்பதற்காகவே இத்தனை ஏற்பாடும் என்று இடைவேளையில் அவர் விளக்கினார். இரவில் எதுவுமே நடக்காத நான்கு மணி நேரம் இருக்கும், ஆனால் அந்த நான்கு மணி நேரமும் விழித்திருப்பதற்காகத்தான் சம்பளம் என்று அவர் சொன்னது டொமெனிக்கோவை எனக்கு முழுவதுமாகப் புரியவைத்தது.

டொமெனிக்கோ தன் இரவுகளைப் பழக்கங்களால் நிரப்பி வைத்திருக்கிறார். தனிமையில் அமர்ந்து ஜெர்மன் மொழி படிக்கிறார். காப்பி பொங்கி வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதுகூட அவருக்குக் கணக்காகத் தெரியும். ஃப்ளாவியாவிடம் அவர் காட்டுவதற்கு வீடோ பணமோ வெளியூர் அனுபவமோ இல்லை. இந்தச் சின்னஞ்சிறு கணக்குகளைத்தான் கூச்சத்தோடு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். முதலில் நேரம் போக்குவதற்காகக் கேட்டுக்கொண்டிருக்கும் அவள், எப்போது உண்மையாகவே கேட்கத் தொடங்குகிறாள் என்பதை மார்கெரிதா பூய் வசனம் எதுவும் இல்லாமல், உட்காரும் விதத்தை மாற்றிக்கொள்வதன் மூலமே உணர்த்திவிடுகிறார். படத்தின் மிகச் சிறந்த பகுதி என்று நான் கருதுவது இதைத்தான். அடுப்பில் மிதமான தீயில் வைத்த பாலைப்போல் அது அவசரமில்லாமல் சூடேறுகிறது.

நம் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979இல்தான். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரைக்கும் பாதை அப்போது திறக்கப்பட்டது. திருநெல்வேலி இணைப்பு 1981இல் வந்தது. ஆகவே பள்ளியாடி, ஆளூர், இரணியல் போன்ற நிலையங்களில் நின்று வண்டிக்குக் காத்திருந்த முதல் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. பம்பாய்க்கோ வளைகுடாவுக்கோ புறப்பட்டவர்களை வழியனுப்பிய நடைமேடைகள் இவை. இத்தாலியின் தெற்குப் பகுதியும் பல தலைமுறைகளாகத் தன் பிள்ளைகளை ரயிலேற்றி வடக்கே வேலைக்கு அனுப்பிவந்த நிலம்தான். எல்லோரும் புறப்பட்டுப் போகும் இடத்தில் போகாமல் இருந்து, போகிறவர்களுக்கு வழிவிடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவனுக்கு, அவர்களில் ஒருத்தியின்மேல் நேசம் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி நமக்கு அந்நியமானது அல்ல. ஃப்ளாவியா தலைநகரத்துப் பெண், டொமெனிக்கோ உள்ளூர் ஆள் என்ற இடைவெளியைப் படம் பேச்சில் விளக்குவதில்லை. அவள் நாற்காலியில் அமரும் உரிமையிலும், அவர் தன் அறையிலேயே அனுமதி கேட்பவரைப்போல் நிற்பதிலும் அது இருக்கிறது.

இரண்டாம் பாதியைப் பற்றி எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. டனீலோ குடித்துவிட்டுத் திரும்பி வந்து, நிலையத்துக்குள் நுழைய வன்முறையில் இறங்கும்போது படம் முற்றுகைக் கதையாக மாறிவிடுகிறது. அவனுக்கு ஃப்ளாவியாமேல் இருப்பது காதலைவிட அவளுடைய தந்தையின் செல்வாக்கால் கிடைக்கக்கூடிய தொழில் லாபம்தான் என்பது தெரிந்த பிறகு, அந்தப் பாத்திரத்தில் கண்டறிய வேறொன்றும் மிச்சமில்லை. நடித்த எனியோ ஃபான்டாஸ்டிகினி ஆற்றல் மிக்க கலைஞர். மிரட்டலுக்கும் கெஞ்சலுக்கும் இடையே அவர் சட்டென்று மாறும் இடங்கள் உண்மையாகவே அச்சமூட்டுகின்றன. அந்த ஆற்றலுக்கு ஈடான எழுத்து அவருக்குக் கிடைக்கவில்லை. டனீலோவுக்கும் ஏதாவது ஒரு நியாயம் இருந்திருந்தால் ஃப்ளாவியாவின் முடிவுக்கு இன்னும் எடை கூடியிருக்கும்.

எங்கள் கூட்டத்தில் சிலருக்கு இந்தக் கருத்து ஏற்புடையதாக இல்லை. அமைதியான மனிதன் ஒருவன் தன் எல்லைக்குள் நின்று எதிர்ப்பதைக் காட்டுவதற்கு அந்த வன்முறை தேவைதான் என்று வாதிட்டார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. சண்டை தெரியாத டொமெனிக்கோ, அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கதவையும் அறிந்தவர் என்பதால் மட்டுமே தாக்குப்பிடிக்கிறார். அவருடைய வேலையறிவுதான் அங்கேயும் அவருக்குத் துணை. திடீரென்று வீரனாகிவிடாமல், பயந்துகொண்டே நிற்கும் ஒருவராக ரூபினி நடித்திருப்பது இந்தப் பகுதியைக் காப்பாற்றுகிறது.

ரோமின் பெரிய ரயில் நிலையத்தையே களமாகக் கொண்டு விட்டோரியோ டி சிக்கா 1953இல் எடுத்த ‘ஸ்டாட்சியோனே டெர்மினி’ படத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே ஏற்கெனவே காதலித்த இருவர் கூட்டத்தின் நடுவே பிரியத் தவிக்கிறார்கள். தனிமை கிடைக்காததே அவர்களுடைய துன்பம். இங்கே முன்பின் அறியாத இருவருக்குத் தனிமை மட்டுமே இருக்கிறது. எனக்கு ரூபினியின் சிறிய நிலையமே அதிகம் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அங்கே இரண்டு பேர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் முழு வழியையும் நாம் கூடவே நடந்து பார்க்க முடிகிறது.

பார்க்க நினைப்பவர்கள் இயக்குநர் பெயரையும் 1990 என்ற ஆண்டையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது. நிலையம் என்ற பொருளில் பெயர் கொண்ட படங்கள் வேறு மொழிகளிலும் உள்ளன. உரையாடலே உயிரான படம் என்பதால் வசன வரிகள் ஒழுங்காக அமைந்த பிரதியைத் தேடி எடுங்கள். நாங்கள் முதலில் வாங்கிவந்த பிரதியில் வரிகள் பேச்சுக்குப் பின்தங்கி வந்ததால் பாதியில் நிறுத்திவிட்டு வேறொன்றைப் பெற வேண்டியிருந்தது. மழையொலியும் தொலைபேசி மணியும் கதையின் பகுதிகள் என்பதால் கைபேசித் திரையில் பார்ப்பதைத் தவிர்க்கலாம். பெண்மீதான வன்முறைக் காட்சிகள் கடுமையாகவே உள்ளன. சிறு பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு பார்க்கும் படம் அல்ல. முதல் அரை மணி நேரத்தில் எதுவும் நடக்கவில்லையே என்று தோன்றினால் பொறுமையோடு இருங்கள், டொமெனிக்கோவின் பழக்கங்களை அப்போது கவனித்திருந்தால்தான் பின்னால் வரும் காட்சிகளின் பொருள் விளங்கும்.