வெள்ளைப் பாரஃபின் களிம்பு: மேலெல்லாம் சிவந்து உரிபவர்களுக்கு

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற என் மாமாவுக்காக வாங்கிய களிம்பு இது. வாஸ்லின் மாதிரியான வெள்ளைப் பாரஃபினும் எண்ணெய் மாதிரியான திரவப் பாரஃபினும் கலந்தது, வாசனை கிடையாது, ஸ்டீராய்டும் கிடையாது.

மாமாவுக்குப் பல வருஷமாகச் சோரியாசிஸ் என்கிற செதில் உதிரும் தோல் நோய் உண்டு. யாரோ கொடுத்த பெயர் தெரியாத மாத்திரையில் நன்றாகக் குறைந்தது, அது தீர்ந்ததும் தலையில் இருந்து கால் வரை சிவந்து, பாயில் தவிடு மாதிரி செதில் கொட்டியது. வெயில் நேரத்தில்கூட நடுங்கினார், காலில் நீர் கோத்துக்கொண்டது. உடம்பில் 90 சதவீதத்துக்கு மேல் இப்படி ஆனால் அது எரித்ரோடெர்மா. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சோரியாசிஸ்காரர்களுக்கு இது வரலாம். கரப்பான் என்கிற அரிப்புத் தோல் நோயிலும் வரும், வலிப்புக்கான கார்பமசெபின், யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினால் ஒத்துக்கொள்ளாமலும் வரும். தோல் வழியாகச் சூடும் நீரும் புரதமும் போய்க்கொண்டே இருப்பதால் இதயத்துக்கே பாரம். அதனால் தயவுசெய்து களிம்பை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள், முதலில் ஆஸ்பத்திரியில் சேருங்கள். மாமாவுக்கும் உள்ளுக்கு மருந்து கொடுத்துத்தான் சரியானது.

சரி, களிம்புக்கு வருகிறேன். எரிச்சலும் தோல் இழுத்துப் பிடிப்பதும் பூசிய கொஞ்ச நேரத்திலேயே அடங்கும், ராத்திரி தூக்கம் வரும், அதுவே பெரிய விஷயம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, ஒற்றித் துடைத்து, ஈரம் இருக்கும்போதே ரோமம் படிந்த திசையில் பூச வேண்டும், எதிர்த்துத் தேய்த்தால் மயிர்க்காலில் கொப்புளம் வரும். மேல் முழுக்கப் பூச வாரம் அரைக் கிலோகூடப் போகும், ஆகவே சின்ன ட்யூப் வீண், பெரிய டப்பாவாகக் கேளுங்கள்.

குறை என்றால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ரொம்பப் பிசுபிசுக்கும், பனியனும் விரிப்பும் எண்ணெய் ஏறிப் போகும், துவைத்தாலும் முழுசாகப் போகாது. அந்தத் துணியில் தீப்பொறி பட்டால் மளமளவென்று பிடிக்கும், இதை டப்பா வாங்கும்போது கடையில் யாரும் சொல்வதில்லை. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை, விறகடுப்பு, பீடி எதன் பக்கமும் மாமாவை நாங்கள் விடுவதில்லை. இவ்வளவு இருந்தும் அடுத்த டப்பாவும் இதுதான் வாங்குவோம், வாசனை போட்ட விலை கூடிய லோஷன் அந்தத் தோலில் எரியத்தான் செய்தது.