வடக்கா, தெற்கா, கிழக்கா? கொங்கு நாட்டில் கோயில், கோட்டை, காடு பார்க்க மூன்று வழிகள்

கோயில், கோட்டை, காடு மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கொங்கு நாட்டில் மூன்றும் உண்டு, ஆனால் ஒரே சாலையில் மூன்றும் நிறைவாகக் கிடைக்காது. எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஏதாவது ஒன்று குறையும். எது குறைந்தால் உங்களுக்குப் பரவாயில்லை என்று முடிவுசெய்துவிட்டால் வழி தானாகவே தெரிந்துவிடும்.

கோவையிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ கிளம்புகிறவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. வடக்கே அவிநாசி, கோபி, சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர். தெற்கே பேரூர், பொள்ளாச்சி, ஆனைமலை, அங்கிருந்து டாப்சிலிப் அல்லது வால்பாறை. கிழக்கே பவானி, சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல், கொல்லிமலை.

கோட்டைதான் முக்கியம் என்றால் கிழக்கு வழிக்குப் போட்டியே இல்லை. சங்ககிரி மலைக்கோட்டையில் ஒவ்வொரு வாசலாகக் கடந்து ஏற ஏற, இந்தக் குன்றுக்காக ஏன் அத்தனை பேர் சண்டை போட்டார்கள் என்பது புரியும். சுற்றிலும் சமவெளி, எந்தத் திசையிலிருந்து படை வந்தாலும் மேலே இருப்பவன் கண்ணுக்குத் தப்பாது. மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறித்துப் பிடுங்கி, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையில் ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல்" என்று தீரன் சின்னமலை சொல்லியனுப்பிய கதை இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அதே சின்னமலையை 1805-இல் ஆங்கிலேயர் தூக்கிலிட்டது இந்தச் சங்ககிரியில்தான். அதனால் ஆடிப்பெருக்கு அன்று இங்கே அவருக்கு அஞ்சலி செலுத்த ஊர் ஊராக மக்கள் வருவார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நிற்க விரும்பினால் அன்று போகலாம். கோட்டையை நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் வேறு நாள் பாருங்கள்.

ஏறும் வழியில் பெருமாள் கோயிலும் உண்டு, தர்காவும் உண்டு. நிழல் குறைவு. காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்காவிட்டால் பாறைச்சூட்டில் பாதியிலேயே திரும்ப வேண்டியிருக்கும். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு கொஞ்ச தூரம்தான். அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் படியேறிப் போனால் பாறையில் செதுக்கிய நீண்ட நாகத்தையும், ஒரு காலத்தில் வழக்குகளைச் சத்தியம் செய்து தீர்த்துக்கொண்ட அறுபதாம்படியையும் பார்க்கலாம். மலை மேலேயே வண்டி போவதால் பெரியவர்களுக்குக் கஷ்டமில்லை. ஆனால் மேலே காரில் போய் இறங்குகிறவர்கள் இந்த இரண்டையும் தவறவிடுகிறார்கள். நடக்க முடிந்தவர்கள் படியேறட்டும், மற்றவர்கள் வண்டியில் போய் மேலே காத்திருக்கட்டும். நாமக்கல்லில் ஒரே பாறையின் இரு பக்கமும் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் அதியமான் மரபினர் குடைந்த குடைவரைகள் இருக்கின்றன. அவை 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பாறையின் உச்சியில் சிறு கோட்டை. நரசிம்மரைக் கைகூப்பிப் பார்த்தபடி கூரையில்லாமல் நிற்கும் பதினெட்டு அடி ஆஞ்சநேயரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். குடைவரைச் சிற்பங்களைப் பார்க்க நின்று நேரம் ஒதுக்குகிறவர்கள்தான் குறைவு. என்னைக் கேட்டால் அந்த ஊருக்குப் போவதே அதற்காகத்தான்.

அப்புறம் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள், அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை அருவி என்று எல்லாம் அழகுதான். ஆனால் விலங்கு பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் குழந்தைகளை அழைத்துப் போனால் ஏமாந்துதான் திரும்புவார்கள். கிழக்கு வழியின் குறை இதுதான்.

வடக்கு வழி இதற்கு நேர் எதிர். இங்கே காடுதான் ராஜா. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் 2013-இல் அறிவிக்கப்பட்டது; பரப்பு 1,400 சதுர கிலோமீட்டருக்கும் மேல். பண்ணாரியில் தொடங்கி திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஆசனூர் பக்கம் போய்விட்டால் காற்றே வேறு மாதிரி இருக்கும். இந்தச் சாலையின் சிறப்பு, சஃபாரி வண்டியில் ஏறாமலேயே யானையும் மானும் கண்ணில் படலாம் என்பது. காராப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிகளை யானைகள் மறிப்பது எல்லோரும் அறிந்த செய்தி. தயவுசெய்து வண்டியை விட்டு இறங்காதீர்கள், தின்பதற்கு எதையும் போடாதீர்கள். சாலையோரத் தீனிக்குப் பழகிய யானை ஊருக்குள் வரத் தயங்காது. அதன் விலையைக் கொடுப்பது சுற்றுலா வந்தவர் அல்ல, அங்கே சோளம் போட்டிருக்கும் விவசாயிதான்.

கோயிலுக்கும் வடக்கில் குறைவில்லை. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட அவிநாசியும், அவரையே சிவனின் பூதகணங்கள் வேடர் உருவில் வழிப்பறி செய்ததாகச் சொல்லும் திருமுருகன்பூண்டியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். பண்ணாரியம்மனைக் கும்பிடாமல் மலையேறும் ஓட்டுநரைப் பார்ப்பது அரிது. இடையில் கொடிவேரி அணைக்கட்டில் குளியல்.

கோட்டை? இருந்தது. தண்டநாயக்கன் கோட்டை இப்போது பவானிசாகர் அணைக்குள் மூழ்கிக் கிடக்கிறது. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் மட்டும் உள்ளேயிருக்கும் மாதவராயப் பெருமாள் கோயில் தலைகாட்டும். அதை நம்பித் திட்டம் போட முடியாது.

தெற்கு வழி குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதமானது. பேரூர் பட்டீசுவரர் கோயிலின் கனகசபைத் தூண்களை மட்டும் பார்க்கவே ஒரு காலைப்பொழுது தேவை. ஆனைமலையில் படுத்த கோலத்தில் மாசாணியம்மன். அநியாயம் நடந்தவர்கள் நீதி கேட்டு மிளகாய் அரைத்துப் பூசும் இடம். அங்கிருந்து சேத்துமடை சோதனைச்சாவடி வழியாக டாப்சிலிப். மலையுச்சியிலிருந்து தேக்குமரங்களைச் சறுக்கிவிட்ட இடம் என்பதால் அந்தப் பெயர். வெட்டித் தீர்த்த காட்டை மீண்டும் வளரச்செய்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை அங்கேயே இருக்கிறது. "நினைவுச்சின்னம் வேண்டுமானால் சுற்றிலும் பார்" என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். சுற்றிலும் தேக்கு. கோழிகமுத்தி யானை முகாம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். வால்பாறைப் பக்கம் திரும்பினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், பாறை விளிம்பில் வரையாடு, புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு. ஒரே நாளில் டாப்சிலிப், வால்பாறை இரண்டையும் வைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு மலைச்சாலைகள், கீழே இறங்கித்தான் ஏற வேண்டும். தெற்கில் சொல்லும்படி கோட்டை இல்லை. கட்டாயம் வேண்டும் என்பவர்கள் பொள்ளாச்சியிலிருந்து மாநில எல்லை தாண்டி, ஹைதர் அலி 1766-இல் கட்டிய பாலக்காட்டுக் கோட்டைக்குப் போய் வரலாம்.

வரைபடத்தில் தெரியாத ஒரு விஷயம் நேரக்கணக்கு. கோட்டைக்கு அதிகாலை வேண்டும், காட்டுக்கும் அதிகாலைதான் வேண்டும். பெரும்பாலான கோயில்களில் மதியம் நடை சாத்திவிட்டு நான்கு மணி வாக்கில்தான் திறப்பார்கள். திம்பம் சாலையில் 2022 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவு 9 முதல் காலை 6 வரை வெளியூர் வண்டிகளுக்குத் தடை. டாப்சிலிப்புக்கும் நேரம் தவறிப் போனால் சேத்துமடையிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் வனத்துறை மூடிவைப்பதும் உண்டு, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆகவே ஒரே காலையில் கோட்டையும் காடும் என்று திட்டம் போட்டால் ஒன்று கெட்டுப்போகும்.

சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் கூட வந்தால் தெற்கு. வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பர்கள் மட்டும் என்றால் கிழக்கு முழுவதையும் இரண்டு நாளில் பாருங்கள். மூன்றும் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு என் தேர்வு, கிழக்கில் பாதியும் வடக்கில் பாதியும். முதல் நாள் விடியலில் சங்ககிரி ஏறி இறங்குங்கள். அடுத்து திருச்செங்கோடு. மதியம் பள்ளிபாளையம் வழியாக வந்தால் அந்த ஊர்ப் பெயரிலேயே இருக்கும் சிக்கனைத் தேங்காய்ச் சில்லோடு சாப்பிடலாம். கோயில் நாளில் சைவம் என்றால் எங்கேயும் நல்ல சாப்பாடு உண்டு. நடை திறந்ததும் பவானி சங்கமேசுவரர் கோயிலும் கூடுதுறையும். இரவு சத்தியமங்கலத்தில் தங்கிவிட்டு, மறுநாள் ஆறு மணிக்குப் பண்ணாரி சோதனைச்சாவடியில் முதல் வண்டிகளில் ஒன்றாக நில்லுங்கள். ஆசனூர் வரை போய் மதியத்துக்குள் இறங்கிவிட்டால் அவிநாசியில் மாலை நடை திறக்கும் நேரத்துக்குச் சேர்ந்துவிடலாம். நாமக்கல்லும் கொல்லிமலையும் இன்னொரு விடுமுறைக்கு இருக்கட்டும்.