முதல் காசு கட்டருக்கு: நகை வேலைக் கருவிகளோடு சில வருடங்கள்

காவேரிப்பட்டணத்தில் வீட்டிலிருந்தே கவரிங் செயின், கொலுசு, தோடு ரிப்பேர் செய்கிறேன், முகூர்த்த மாதங்களில் கல்யாண செட் கோர்த்தும் கொடுக்கிறேன். புதிதாக இறங்குகிறவர்கள் எந்தக் குறடு வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். கையிலிருக்கும் காசில் பெரிய பங்கைக் கம்பி நறுக்கும் கட்டருக்குக் கொடுங்கள் என்பேன். குறடு சுமாராக இருந்தால் பழகிக்கொள்ளலாம், கட்டர் சுமாராக இருந்தால் நறுக்கிய ஒவ்வொரு முனையையும் அரத்தால் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதா சைடு கட்டர் கம்பியை இரண்டு பக்கமும் நசுக்கி வெட்டுவதால் முனை கூரை மாதிரி கூம்பி நிற்கும். அது பட்டுப் புடவையில் இழை இழுக்கும், குழந்தை கழுத்தில் கீறும். ஃப்ளஷ் கட்டரில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அந்தத் தட்டைப் பக்கம் எப்போதும் நகையைப் பார்த்து இருக்க வேண்டும். நகையின் பாகங்களைக் கோர்க்கும் சின்னக் கம்பி வளையம் வெட்டும்போது ஒரு வெட்டு முடிந்ததும் கட்டரைத் திருப்பிப் பிடித்து அடுத்த வெட்டு, அப்போதுதான் இரண்டு முனையும் தட்டையாகி இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்காரும்.

நான் வைத்திருப்பது அமெரிக்காவில் செய்யும் ஸூரான் மைக்ரோ ஷியர் என்ற ஃப்ளஷ் கட்டர். இதன் வாய் கத்தரிக்கோல் போல ஒன்றை ஒன்று கடந்து வெட்டுவதால் கைக்கு அழுத்தம் குறைவு, நாள் முழுக்க உட்கார்ந்து வெட்டுகிறவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை. செம்பு, பித்தளை, வெள்ளிக் கம்பிக்கு இன்றும் நன்றாகவே வெட்டுகிறது. ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு, மென்மையான கம்பி 1 மில்லிமீட்டர் வரை. 18 கேஜ் (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்) வரை வெட்டலாம் என்று போட்டிருப்பது அமெரிக்க அளவில், அது சுமார் 1.02 மில்லிமீட்டர். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் கேஜ்தான் ஓடுகிறது, அதில் 18 என்றால் 1.22. கேஜைக் கேட்காமல் மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள், கட்டர் வாய் பிழைக்கும்.

அதைவிட முக்கியம், மணி கோர்க்கும் கியர் வயர், சுருள் வடிவம் மாறாத மெமரி வயர் இரண்டையும் இந்தக் கட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இரண்டும் எஃகு, அதிலும் மெமரி வயர் கடினமாக்கியது, ஒரே வெட்டில் வாயின் விளிம்பில் பள்ளம் விழுந்துவிடும். எஃகுக்கென்று தனியாக ஒரு கட்டர் வைத்து, பிடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள், வீட்டில் வேறு யாராவது அவசரத்துக்கு எடுத்தாலும் மாறாது. வெட்டும்போது துண்டு தெறிக்கும் முனையை விரலால் மூடிக்கொள்ளுங்கள். கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், இதில் சோம்பலே கூடாது.

சரி, குறடு. வாயின் உட்புறம் பல் இருக்கவே கூடாது, எலக்ட்ரிஷியன் குறட்டால் பிடித்தால் வெள்ளியில் வரி வரியாகத் தடம் விழும், கவரிங்கில் முலாமே போய்விடும். பல் வைத்த குறடுதான் கிடைத்தது என்றால் அரத்தால் தேய்த்து எமரி தாள் போட்டு வழவழப்பாக்கிக்கொள்ளலாம். பட்டை மூக்கோ கூர் மூக்கோ, இரண்டு குறடு கட்டாயம் வேண்டும், வளையத்தை இரண்டாலும் பிடித்து ஒன்றை முன்னே ஒன்றைப் பின்னே திருப்பித்தான் திறக்க வேண்டும். அகலமாக இழுத்துத் திறந்த வளையம் மறுபடி வட்டத்துக்கு வராது, கொலுசு அறுந்து வருகிற கேஸ்களில் பாதிக்கு இதுதான் காரணம். உருண்டை மூக்குக் குறட்டின் வாய் நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும், அதில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு அங்கேயே சுற்றினால் தோட்டுக் கொக்கி இரண்டும் ஒரே அளவில் வரும்.

வாங்கும்போது ஒரு பிடியை அசையாமல் பிடித்து மற்றதைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், மூட்டு ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். அப்புறம் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள், நுனியில் வெளிச்சம் தெரிந்தால் மெல்லிய வளையம் பிடியில் நிற்காது. ஒரு பாதிக்குள் இன்னொரு பாதி நுழைந்து நிற்கும் பாக்ஸ் ஜாயிண்ட் வகை விலை கூடுதல், ஆனால் ஆடாமல் வெகுநாள் வரும். ஆன்லைனில் கலர் பிடியோடு செட்டாக வருவதையும் வாங்கினேன். முலாம் உரிந்தது, ஸ்பிரிங் ஒவ்வொன்றாகப் போனது, இப்போது அதில் உருண்டை மூக்கு மட்டும்தான் வேலையில் இருக்கிறது.

கிருஷ்ணகிரி ஹார்டுவேர் கடைகளில் டபாரியா கம்பெனியின் சின்னக் குறடுகள் கிடைக்கின்றன, ஆரம்பத்துக்குப் போதும். பெங்களூர் போகிற வேலை இருந்தால் நகரத்பேட்டையில் நகைப்பட்டறைக் கருவிகளைக் கையில் பிடித்துப் பார்த்தே வாங்கலாம், எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கென்று விற்கும் கட்டர் வேண்டுமென்றால் அதே ஊரில் எஸ்.பி. ரோடு.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை, மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துடைத்து வைத்தால் போதும். பொடி வைத்து நெருப்பு ஊதிப் பற்றவைக்கும்போது மட்டும் நல்ல குறட்டை நெருப்புப் பக்கம் நீட்டாதீர்கள், சூடேறினால் நுனி பதம் போய் வளைந்துவிடும், அதற்குப் பழைய சாமணம் ஒன்று தனியாக இருக்கட்டும்.