இரும்பும் செம்பும்: கிணற்றடியில் இருந்து ஓர் அனுபவப் பகிர்வு

வன்னியில் விசுவமடுப் பக்கம் தோட்டம் செய்கிறவனுக்கு இரும்பும் செம்பும் இல்லாமல் ஒரு பொழுது போகாது. மண்வெட்டி, அலவாங்கு, காட்டுக்கத்தி, உழவு இயந்திரம், கொட்டிலைத் தாங்குகிற குழாய்கள் எல்லாம் இரும்பு. கிணற்றடி மோட்டரின் சுருள், அதற்குப் போகிற வயர், எர்த் கம்பி எல்லாம் செம்பு. உயர்தர வகுப்பில் இரண்டையும் தாண்டல் மூலகங்கள் என்று ஒரே வரிசையில் படித்தோம். அணுவெண் 26, 29. நடுவில் கோபாற்றும் நிக்கலும் மட்டும்தான். பழகிப் பார்த்தால் இரண்டுக்கும் குணம் வேறு வேறு. தனித்தனியே இரண்டும் தங்கமான சாமான்கள். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டவிட்டால்தான் வில்லங்கம். வருசக்கணக்காகப் பாவித்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்.

முதலில் கறள். இரும்பில் பிடிக்கிற கறள் தன்னை உண்டாக்கிய இரும்பைவிடக் கூடிய இடம் எடுக்கும். அதனால் பொருமி, செதில் செதிலாகக் கழரும். கழர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும், அதிலும் பிடிக்கும். செம்பு அப்படி இல்லை. முதலில் மங்கும், பிறகு கறுக்கும், நெடுநாள் மழையில் நின்றால் பச்சை படியும். அந்தப் படை உடம்போடு ஒட்டிக்கொண்டு உள்ளே உள்ளதைக் காக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு மண்வெட்டி தாங்குகிற காலம் அளம்பில், செம்மலைக் கரையில் தாங்காது. உப்புக் காற்றில் வரும் குளோரைட்டு கறளை விரட்டி விரட்டி வளர்க்கும். கடற்கரைச் சொந்தக்காரர் வீடுகளில் ஜன்னல் கம்பி பருமன் குறைந்து நிற்பதைப் பார்த்தால் விளங்கும்.

நான் செய்வது பெரிய வித்தை இல்லை. வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, வெயிலில் காயவிட்டு, உழவு இயந்திரத்தில் இருந்து வடித்த பழைய ஒயிலைத் துணியில் தொட்டு ஒரு துடை. குழாய்த் தூண்களுக்கு ரெட் ஒக்சைட் பெயின்ற். அந்தப் பெயின்றின் சிவப்பும் இரும்பு ஒட்சைட்டுத்தான். கறளின் சொந்தக்காரனையே கறளுக்குக் காவல் வைக்கிறோம். எங்கள் கிரவல் ரோட்டுக்கும் செம்மண்ணுக்கும் நிறம் கொடுப்பதும் அதே இரும்புதான். வெள்ளைச் சேட்டோடு மோட்டார் சைக்கிளில் மாங்குளம் போய் வருகிறவர்களுக்கு அதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

செம்பு அழியவே அழியாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். அமோனியா அதற்கு ஆகாது. மாட்டுக்கொட்டிலுக்குள் போகிற வயரின் முனையில் நீலப்பச்சையாகப் பூப்பது அதனால்தான். யூரியா ஈரம் பட்டாலும் அமோனியா வரும். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. அதனால் பித்தளை வால்வு, மருந்து விசிறும் கருவியின் பித்தளை முனை எதையும் உரமூட்டைக்குப் பக்கத்தில் வைப்பதில்லை. வைத்தால் நாளடைவில் வெடிப்பு விடும்.

பலத்தில் போட்டியே இல்லை, இரும்புதான். ஆனால் நெருப்பில் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் பார்க்க வேண்டியது. எங்கள் பக்கத்துப் பட்டறையில் லொறியின் வில்லுத் தகட்டை வெட்டிக் கத்தி அடிப்பார்கள். தகடு செக்கச் சிவக்கும்போது காந்தம் அதில் ஒட்டாது. 770 பாகை செல்சியசுக்கு மேல் இரும்பு காந்தக் குணத்தை விட்டுவிடும். அந்தச் சூட்டில் இன்னும் கொஞ்சம் ஏற்றித் தண்ணீரில் தோய்த்தால் கத்தியின் வாய் கண்ணாடி போல ஆகிவிடும்: கடினம், ஆனால் கல்லில் பட்டால் தெறிக்கும். அதனால் வாயைத் தீட்டி வெளிச்சமாக்கி, முதுகுப் பக்கம் மெல்லச் சூடு காட்டுவார்கள். வைக்கோல் மஞ்சள் ஒரு கோடாக நகர்ந்து வரும், பின்னால் மண்ணிறம், ஊதா, நீலம். எந்த நிறம் வாய்க்கு வரும்போது மறுபடி தோய்ப்பது என்பதில்தான் கொல்லரின் கைப்பக்குவம் இருக்கிறது. காட்டுக்கத்திக்கு அவர் மஞ்சளில் நிறுத்த மாட்டார். எலும்பிலும் பாலை விறகிலும் போடுகிற கத்தி கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும்.

செம்பில் எல்லாம் தலைகீழ். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் மெத்தென்று ஆகும். அடித்தால், வளைத்தால்தான் இறுகும். எர்த் வயரை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் மடக்கிப் பாருங்கள். முதலில் சொன்னபடி கேட்கும், பிறகு முரண்டு பிடிக்கும், கடைசியில் பொட்டென்று முறியும். ஆகவே மோட்டர் பெட்டிக்குள் வயரைக் கண்டபடி மடக்கக் கூடாது.

இனி மின்சாரம். செம்பு தன் விலைக்கு நியாயம் சொல்வது இங்கேதான். ஒரே பருமன், ஒரே நீளம் என்றால் இரும்பின் மின்தடை செம்பின் தடையைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. கணக்காகப் பார்ப்போம். மீற்றரில் இருந்து கிணறு 100 மீற்றர் தூரம், வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு, ஒரு குதிரைவலு மோட்டர் 6 அம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். போக வர 200 மீற்றர் வயரில் 8 வோல்ற்று மட்டில் விழும். 230இல் 8 போனால் மோட்டர் கவலைப்படாது. அதே பருமன் இரும்புக் கம்பி என்றால் கிட்டத்தட்ட 50 வோல்ற்று வழியிலேயே சூடாகப் போய்விடும். அவசரத்துக்குக் கட்டுக்கம்பியால் வயரை நீட்டி ஒட்டுப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருக்கால் போட்டுப் பார்க்கலாம். கோடையில் செய்கிற சிறுபோகத்தில் எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் மோட்டர் ஓடும்போது மின்னழுத்தம் ஏற்கெனவே குறைவு. குறைந்தால் மோட்டர் கூட மின்னோட்டம் இழுக்கும். மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. சூடேறினால் செம்பின் தடையும் கூடும், பத்துப் பாகைக்கு நூற்றுக்கு நான்கு வீதம். அப்புறம் சுருளில் பூசிய வார்னிஸ் கருகிய மணம்தான் வரும்.

மோட்டரைக் கழற்றிப் பார்த்தால் இந்த இரண்டும் எவ்வளவு ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகின்றன என்று தெரியும். உள்ளே இருக்கும் இரும்பு ஒரே கட்டி இல்லை. சிலிக்கன் சேர்த்த உருக்குத் தகடுகள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றர் மட்டில், பூச்சுப் பூசி அடுக்கியவை. கட்டியாக இருந்தால் அதற்குள்ளேயே மின்சாரம் சுழன்று சூடாகும். காந்தத்தைச் சுமப்பது இரும்பு, மின்சாரத்தைச் சுமப்பது செம்பு. நடுவில் ஒரு மெல்லிய காப்புத்தாள், கம்பியின்மேல் வார்னிஸ். அந்தக் காப்புத்தாள் இருக்கும்வரை சண்டை இல்லை. இரும்புத் தகட்டுக்கு ஆயுள் கெட்டி. எரிவது செம்புச் சுருள்தான், அதையும் புதிதாகக் கட்டிவிடலாம். ஆகவே உள் இரும்பு நல்ல பழைய மோட்டரைத் தூக்கி எறியாதீர்கள். செம்புக் கம்பியால் கட்டுவித்தால் இன்னொரு சுற்று ஓடும்.

செம்புக் கம்பி என்று சொன்னேன். இதில்தான் ஏமாற்று நடக்கிறது. ரவுணில் ஒரு கடையில் விலை குறைவாக ஒரு சுருள் வயர் கொடுத்தார்கள். மோட்டர் கட்டுகிற தம்பி கையில் தூக்கிப் பார்த்ததுமே சொன்னான்: "அண்ணை, பாரம் காணாது. இது செம்பில்லை, பூச்சு." பேனாக்கத்தியால் சுரண்டினான், உள்ளே வெள்ளை, அலுமினியம். பலர் காந்தத்தை மட்டும் வைத்துப் பார்ப்பார்கள். செம்பு பூசிய இரும்பு என்றால் காந்தம் காட்டிக்கொடுக்கும், அலுமினியத்தைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே காந்தமும் வேண்டும், சுரண்டலும் வேண்டும்.

பூச்சு எல்லாமே ஏமாற்று என்றும் இல்லை. எர்த்துக்கு அடிக்கிற தடியில் உள்ளே உருக்கு, வெளியே கால் மில்லிமீற்றர் அளவில் செம்புத் தோல். உருக்கு சம்மட்டி அடியைத் தாங்கும், செம்பு மண்ணின் ஈரத்தைத் தாங்கும். நல்ல யோசனை. ஆனால் கிரவல் நிலத்தில் கண்மண் தெரியாமல் அடித்து அந்தத் தோல் உரிந்தால், உரிந்த இடத்து இரும்பு வெறும் இரும்பைவிட வேகமாகப் போகும். கோடையில் மண் காய்ந்தால் எர்த்தும் பலவீனப்படும். ஆவணி மாதத்தில் அந்தத் தடியின் அடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வைப்பது என் வழக்கம்.

"வெறும் இரும்பைவிட வேகமாக" என்றேனே, அதுதான் வில்லங்கத்தின் ஆணிவேர். இரும்பு இலத்திரனை எளிதில் விடும், செம்பு விடாது. நியம நிலையில் இரண்டுக்கும் இடையே 0.78 வோல்ற்று வித்தியாசம். தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் அந்த இடமே ஒரு சின்ன மின்கலம், கரைவது இரும்பு. பம்பின் இரும்புக் குழாயில் பித்தளை வால்வு பூட்டியிருந்தால் பாருங்கள், வால்வு புதிது போல இருக்கும், அதை ஒட்டிய குழாயின் புரிதான் முதலில் பொத்தல் விடும். கடல் பக்கத்திலும் உவர்க் கிணற்றிலும் இன்னும் மோசம். இரண்டுக்கும் நடுவே ஒரு பிவிசி சொக்கெற் போட்டுப் பிரித்துவிட்டால் போதும். அதன் விலை ஒரு தேத்தண்ணிக் காசு மாதிரி.

இதே குணத்தை நல்லதுக்கும் பாவிக்கலாம். மிளகாய், பப்பாசிப் பூஞ்சணத்துக்கு இப்போது பைக்கெற்றில் வரும் செப்பு மருந்துகள் உண்டு. ஆனாலும் போர்தோக் கலவையை வீட்டிலேயே கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரான்சில் போர்தோப் பக்கம் வழிப்போக்கர் திருடாமல் இருக்க முந்திரிகைக் (திராட்சை) கொடியில் மயில்துத்தமும் (செப்புச் சல்பேற்று) சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் நோய் இல்லாததைக் கவனித்த தாவரவியலாளர் மில்லார்தே 1885இல் அதை மருந்தாக எழுதினார். அளவு எளிது: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லீற்றர். சுண்ணாம்புப் பாலுக்குள் துத்தக் கரைசலை மெல்ல ஊற்ற வேண்டும், எல்லாம் பிளாஸ்ரிக் பீப்பாவில். இரும்புப் பீப்பாவில் கரைத்தால் இரும்பு கரைந்து செம்பு சுவரில் படியும். மருந்தும் போச்சு, பீப்பாவும் போச்சு. கலந்து முடிந்ததும் தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் தோய்த்து எடுங்கள். வாயில் செம்மண் நிறமாகப் படிந்தால் இன்னும் தனித் துத்தம் கிடக்கிறது, இலை கருகும், சுண்ணாம்பு கூட்டுங்கள். வெள்ளையாகவே வந்தால் தெளிக்கலாம். கலந்த அன்றே தெளிக்க வேண்டும்.

குடிதண்ணீர் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். சில குழாய்க்கிணறுகளில் தண்ணீர் அள்ளும்போது தெளிவாக இருக்கும், வாளியில் நின்றால் மஞ்சளாகிச் சிவக்கும். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டு ஒட்சியேறுகிறது. பள்ளிக்கூடச் சட்டையில் கறை, தேத்தண்ணி கறுப்பு; தேயிலைச் சாயத்தோடு இரும்பு சேர்ந்தால் மை நிறம்தான். ஒரு தொட்டியில் உயரத்தில் இருந்து விழவிட்டு, படியவிட்டு, மணலில் வடித்தால் பெரும்பகுதி போய்விடும். செம்புக் குடத்தில் இரவு வைத்த தண்ணீரில் கிருமி குறையும் என்பது உண்மை. அதற்காகக் களிம்பு பிடித்த குடத்தில் வைக்காதீர்கள், புளியும் மோரும் அதில் வேண்டவே வேண்டாம். உயிரை ஆணவம் பற்றியிருப்பதற்குச் சைவ சித்தாந்தக்காரர் செம்பின் களிம்பை உவமை சொன்னார்கள். குடத்தின் களிம்பைத் தேய்த்துப் போக்க எங்களுக்குப் பழப்புளியும் தேங்காய்த் தும்பும் போதும். உடம்புக்கு இரண்டும் தேவைதான், அளவோடு. எங்கள் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது இரும்பு. நந்திக்கடல் இறாலுக்கும் நண்டுக்கும் அந்த வேலையைச் செய்வது செம்பு.

கடைசியாக, விற்கிற விசயம். சண்டை முடிந்த பிறகு வன்னியில் பழைய இரும்பு வியாபாரம் எப்படி நடந்தது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். இரும்பு பாரத்தில் காசு, செம்பு சுத்தத்தில் காசு. கிலோவுக்குச் செம்பு பல மடங்கு கூட. பழைய வயரைக் குவித்து நெருப்பு வைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: பிவிசி எரிகிற புகை நஞ்சு, குழந்தைகள் நிற்கிற வளவில் அதைச் செய்யாதீர்கள். அதோடு எரித்த செம்பு கறுத்துப்போகும், கடைக்காரர் தரத்தைக் குறைத்துத்தான் எடுப்பார். வயரை ஒரு பலகையில் ஆணி அடித்து இறுக்கி, கூரான கத்தியால் நீளத்துக்குக் கீறினால் உறை தோலாகக் கழன்று வரும். மினுங்குகிற செம்புக்குக் கிலோவுக்குக் கூடத் தருவார்கள், பேரம் பேசவும் வாய் வரும்.