ஆமுனா, ஆதெனா?

பண்டைய எகிப்தின் கர்னாக் கோயிலில் ஆமுன் என்ற தெய்வத்தின் கருவறை இருட்டாக இருக்கும். விடியலில் பூசாரி முத்திரையை உடைத்துக் கதவைத் திறப்பார். சிலைக்கு ஆடை உடுத்தி, எண்ணெய் பூசி, உணவு படைப்பார். வெளியேறும்போது தன் காலடித் தடத்தையும் துடைப்பத்தால் கூட்டி அழித்துவிடுவார். பொதுமக்களுக்கு அங்கே இடமில்லை.

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அக்கெநாதென் என்ற எகிப்திய அரசன் அமர்னா நகரில் சூரியத் தெய்வமான ஆதெனுக்கு எழுப்பிய கோயிலிலோ வழிபடும் இடத்துக்குக் கூரையே கிடையாது. கருவறைச் சிலையும் இல்லை. திறந்த வெளியில் நூற்றுக்கணக்கான படையல் மேடைகள், மேலே சூரியன். சிற்பங்களில் அதன் கதிர்கள் கைகளாக முடிகின்றன. அக்கைகள் உயிர்க்குறியை நீட்டுவது அரச குடும்பத்துக்கு மட்டுமே!

திறந்த கோயில் ஆதெனுடையது. ஆனாலும் மக்களுக்கு நெருக்கமானவர் ஆமுன்தான் என்பேன். ஓபெத் திருவிழாவில் அவர் படகுப் பல்லக்கில் லக்சோர் கோயிலுக்கு எழுந்தருளுவார். இத்தகைய உலாக்களில் சாமானியரும் தம் வழக்கை அவர்முன் வைத்ததுண்டு. படகு முன்னே அசைந்தால் சம்மதம், பின்வாங்கினால் மறுப்பு. ஆதெனிடம் அப்படிப் போய் நிற்க முடியாது. நடுவில் அரசன் நிற்கிறான். அமர்னா வீடுகளிலேயே பிரசவம் காக்கும் தெய்வங்களான பெஸ், தவெரெத் உருவங்கள் கிடைத்திருக்கின்றன. பிள்ளை பெறும் பெண்ணுக்குக் கைக்கெட்டும் தெய்வம்தானே வேண்டும்?

அக்கெநாதெனுக்குப் பின் சில ஆண்டுகளிலேயே அரசனான துத்தன்காதென் என்ற சிறுவன் துத்தன்காமுன் என்று பெயர் மாறி, ஆமுன் கோயில்களைப் புதுப்பித்தான்.